கதவைத் தட்டுங்க, உள்ளே கல்யாணக் களை!

சித்திரைப் பௌர்ணமி நெருங்கும் வாரத்தில் மறைமலை நகர் ஜி.எஸ்.டி. சாலையோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கிளாம்பாக்கத்தில் ஏறிய கூட்டத்தைச் சுமந்துகொண்டு விழுப்புரம் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஜன்னலோரம் வளையல் அடுக்கிய கைகள் தெரியும், மடியில் புடைத்த பைகள் தெரியும். அந்தப் பைகளைத் திறந்து பார்க்கத்தான் எனக்கு ஆசை! மேலாகச் சவுரி முடி, பவுடர் டப்பா, ஐலைனர், கவரிங் நகைப் பெட்டி. நடுவே முகூர்த்தப் பட்டு. எல்லாவற்றுக்கும் அடியில், மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைப் புடவை. செவ்வாய் ராத்திரிக்குப் பட்டு, புதன் பகலுக்கு வெள்ளை. இரண்டையும் ஒரே பையில் அடுக்கிக்கொண்டு, வழியெல்லாம் பாட்டும் கேலியுமாகப் போகிற திருமணப் பயணத்தை வேறு எங்கே பார்க்க முடியும்?

பயணம் போய்ச் சேரும் இடம் கூவாகம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைப் பக்கத்துச் சிற்றூர். கூத்தாண்டவர் கோயிலில் சாகை வார்த்தலோடு தொடங்கும் திருவிழா 18 நாள் நடக்கும். கடைசிப் பகுதியில் வரும் செவ்வாய்க்கிழமை இரவு திருநங்கைகள் கூத்தாண்டவரான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்வார்கள். மறுநாள் காலை தேர், அப்புறம் தாலி அறுப்பு. 2025-இல் அது மே 13, 14. மறுநாள் பத்திரிகைகளில் வருவது பெரும்பாலும் இரண்டே படங்கள்: தாலி ஏறும் கழுத்து, தாலி இறங்கி அழும் முகம். எனக்கோ அந்த இரண்டு படங்களுக்கு முன்னாலும் நடுவிலும் நடப்பவைமேல் கொள்ளை ஆசை. அங்கேதான் வீடு கட்டுகிறார்கள். செங்கல் கிடையாது, பட்டா கிடையாது. உறவு சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே எழுப்புகிற வீடு.

முதலில், வந்தவர்கள் தங்கும் விழுப்புரம் லாட்ஜுகள். அந்த வாரம் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு அறையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிற வேலையே வேண்டாம்! ஒருத்தி புருவம் வரைந்துகொண்டிருப்பாள், ஒருத்தி இன்னொருத்திக்குக் கொசுவம் பிடித்துக் குத்துவாள், மூலையில் இட்லிப் பொட்டலம் பிரியும். கதவைத் தாண்டி உள்ளே வரும் இளையவள் பெரியவளைப் பணிந்து “பாம்படுத்தி” என்பாள். “ஜீத்தே ரஹோ” என்று ஆசி வரும். விழுப்புரத்து லாட்ஜில் இந்தி வாழ்த்தா என்று கேட்காதீர்கள். ஜமாத் எனும் திருநங்கைக் குடும்பத்தின் உறவு மும்பை, டெல்லி வரைக்கும் கிளை பரப்பியது. சேர்த்துக்கொண்ட குரு அம்மா. அந்த அம்மாவுக்கு அம்மா நானி. ஒரே குருவிடம் சேர்ந்த சேலாக்கள் ஒருவருக்கொருவர் குருபாய். பெற்ற வீடு கதவைச் சாத்தியதால் ரயிலேறிய ஒருத்திக்கு, பெரிய நகரம் ஒன்றில் இறங்கிய சில நாளிலேயே அம்மாவும் பாட்டியும் அக்கா தங்கைகளும் கிடைத்துவிடுகிறார்கள். கண்டிப்பு, அபராதம், சண்டை, சமாதானம் எல்லாம் அந்தக் குடும்பத்திலும் உண்டு. சிதறிக் கிடக்கும் அந்தக் குடும்பம் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுவதால்தான் அந்த அறைகளில் அப்படி ஒரு இரைச்சல்! வெளியே ‘மிஸ் கூவாகம்’ போட்டிக்கு மேடை தயாராகும். உள்ளே யார் எந்தப் புடவையில் நடப்பது என்ற விவாதம் முடிவுக்கே வராது.

இனி ஊருக்குள் வாருங்கள். இன்னொரு ஒப்பனை அங்கே நடக்கிறது, அதுவும் சாமிக்கு. மரத்தில் செதுக்கிய அரவானின் தலை, பெரிய மீசையும் அகன்ற கண்ணுமாகக் கோயிலில் இருக்கிறது. உடம்பு? அது தேர் நாளன்றுதான் உருவாகும். தேரின் மரச் சட்டத்தின்மேல் வைக்கோலால் உடம்பை நிரப்புகிறார்கள். அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து புஜம், மார்பு என்று ஒவ்வோர் உறுப்பாக வந்து சேரும். இந்த ஊருக்கு இந்த உறுப்பு என்று தலைமுறை தலைமுறையாக வரும் உரிமை அது. கட்டுகிறார்கள், முறுக்குகிறார்கள், மாலைமேல் மாலை சாத்துகிறார்கள். கண் எதிரே ஒரு மாப்பிள்ளை முழு உருவம் பெற்று நிமிர்கிறான்! தமிழ்நாட்டில் நான் அறிந்த சிற்ப வேலைகளில் இதற்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன். பல ஊர்க் கைகள் சேர்ந்து கட்டிய ஒரு உடம்பு, ஒரே நாளில் எழுந்து அந்த நாளிலேயே குலைந்து போகும். அடுத்த சித்திரையில் மறுபடியும் முதலிலிருந்து. அந்த ஊர்க்காரர்கள் இதைக் கலை என்றெல்லாம் சொல்லிக்கொள்வதில்லை. நான் சொல்வேன், உரக்கச் சொல்வேன்.

அரவான் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பாண்டவர் வெற்றிக்காகக் களப்பலியாகச் சம்மதித்த அருச்சுனன் மகன், சாவதற்கு முன் கல்யாணம் கேட்கிறான். விடிந்தால் விதவையாகப் போகிற இடத்துக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்து ஒரு ராத்திரி மனைவியாகிறான். அந்த ஒரே ராத்திரியைத்தான் கூவாகத்தில் கர்ப்பூரம் கொளுத்திக் கும்மியடித்து விடிய விடிய நீட்டுகிறார்கள். நேர்த்திக்கடனாகத் தாலி கட்டிக்கொள்ளும் ஊர் ஆண்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. விடிந்ததும் தேர் புறப்பட்டு, பந்தலடி என்னும் இடத்துக்கு வரும். பூசாரி தாலி அறுப்பார், வளையல் நொறுங்கும், குளித்துவிட்டு வெள்ளைப் புடவை. அழுகை அப்போது வெடிக்கிறதே, அதில் அரவானுக்கான பங்கு எவ்வளவு, வருஷம் முழுக்க அடக்கிவைத்ததன் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது.

பின்னோக்கி ஒரே தாவல் தாவினால் பூம்புகாரில் போய் நிற்போம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்களில் ஒன்று பேடு. வாணாசுரன் சிறைப்பிடித்த தன் மகன் அநிருத்தனை மீட்கக் காமன் பேடி வேடம் பூண்டு அந்த அசுரன் நகர வீதியில் ஆடிய ஆட்டம். எனக்கு இதை நினைத்தாலே புல்லரிக்கும். பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவர ஒரு தகப்பன் ஆடிய ஆட்டம் அது! அதே உருவில் இருக்கும் பிள்ளைகளை வீட்டைவிட்டுத் துரத்தும் ஊராக நாம் எப்போது மாறினோம்?

மாறியதன் கணக்கை மேடையில் ஏறிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். 2000-களின் தொடக்கத்தில் திருநங்கைகளே நடித்த கண்ணாடி கலைக்குழு இருந்தது. நாடகக்காரர் அ. மங்கை அவர்களோடு வேலை செய்தார். 2014-இல் லிவிங் ஸ்மைல் வித்யாவும் ஏஞ்சல் கிளாடியும் ஜீ இமான் செம்மலரும் சேர்ந்து பன்மை குழுவைத் தொடங்கினார்கள். ரேவதியோ தன் வாழ்க்கையைத் தானே ஒற்றை ஆளாக மேடையில் ஆடிக் காட்டினார். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, 2004-இல் ‘உணர்வும் உருவமும்’ நூலில் மற்ற திருநங்கைகளின் கதைகளைத் தொகுத்தவர் அவர். பிறகு எழுதிய தன்வரலாறு 2010-இல் வ. கீதா மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் முதலில் வந்து, அதன் பின்னரே ‘வெள்ளை மொழி’யாகத் தமிழில் வெளியானது. புத்தகத்துக்கும் வீடு தேடி இப்படிச் சுற்ற வேண்டியிருந்திருக்கிறது! அதில் அவர் வீட்டைவிட்டு ஓடுவதும், அடிபடுவோம் என்று தெரிந்தே திரும்பி வருவதும், மறுபடி ஓடுவதும் நடந்துகொண்டே இருக்கும். என்னை ஆட்டிவைத்தது ஓடிய பக்கங்களைவிடத் திரும்பி வந்த பக்கங்கள்தான்.

நர்த்தகி நடராஜைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வராது. மதுரையில் பிறந்தவர். பால்யத் தோழி சக்தியோடு வீட்டைவிட்டு வெளியேறி, தஞ்சாவூரில் கே.பி. கிட்டப்பா பிள்ளையின் வாசலில் போய் நின்றார். தஞ்சை நால்வர் பரம்பரையில் வந்த பெரியவர் அவர். உடனே சேர்த்துக்கொள்ளவில்லை, ஏறக்குறைய ஒரு வருஷம் காக்க வைத்தார். சேர்த்துக்கொண்டபின் சுமார் 15 வருஷக் குருகுலம். ‘நர்த்தகி’ என்ற பெயரும் அவர் வைத்ததே. பெற்ற வீடு தராத பெயரை ஒரு நட்டுவனார் வீடு தந்தது. 2019-இல் பத்மஸ்ரீ வந்தபோது, அந்த விருதைப் பெற்ற முதல் திருநங்கை என்று நாடே கொண்டாடியது. நான் மனசுக்குள் கொண்டாடியது அந்தத் தஞ்சாவூர் வாசலை. ஒரு வருஷம் ஒரு கதவுக்கு முன்னால் இரண்டு பெண்கள் விடாப்பிடியாக நின்றார்கள் என்ற ஒன்றை.

கதவு என்றதும் நீதிமன்றக் கதவும் ஞாபகம் வருகிறது. 2025 மே 14-இல் கூவாகம் தேர் முடிந்ததா, எட்டே நாளில், மே 22 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் ஒரு உத்தரவு போட்டார்கள். பெற்றோர் அடைத்து வைத்த இளம்பெண்ணை மீட்க அவளுடைய துணைவி போட்ட ஆட்கொணர்வு மனுமேல் வந்த உத்தரவு அது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதும் குடும்பமே என்றார்கள். படித்ததும் துள்ளினேன்! விழுப்புரத்து லாட்ஜில் நானிகளும் குருபாய்களும் காலங்காலமாக வாழ்ந்து காட்டியதை நீதிமன்றம் இப்போது எழுத்தில் வைத்திருக்கிறது. அதற்கு முன்னோட்டம் 2021-லேயே நடந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்த திரைமறைவுக் கதை. தன்பாலின ஈர்ப்பு தனக்குப் புரியவில்லை என்று சொல்லி, உளவியல் ஆலோசகரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்புறம்தான் ஜூன் 7 அன்று உத்தரவு. பாலின ஈர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று சொல்லி நடக்கும் சிகிச்சைகளுக்கு அதில் தடை போட்டார்.

அரவானின் பெயர் கடல் தாண்டியதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பெங்களூருவில் 2016-இல் பூர்ணிமா சுகுமார் தொடங்கிய அரவானி ஆர்ட் ப்ராஜெக்ட்டில் திருநங்கைகளும் மற்ற பெண்களும் சேர்ந்து ஊர்ச் சுவர்களில் பிரமாண்டமாக ஓவியம் தீட்டுகிறார்கள். 2024-இல் அவர்கள் கைவண்ணம் வெனிஸ் பினாலேயில் ஏறியது. அந்த ஆண்டுக் கண்காட்சிக்கு வைத்த தலைப்பு, எங்கும் அந்நியர்கள் என்ற பொருளில். வாடகைக்கு வீடு கேட்டால் சுவர்கூடக் கிடைக்காத கைகள், இத்தாலியில் ஒரு முழுச் சுவரை வாங்கிக்கொண்டன!

மறைமலை நகரில் இருந்துகொண்டு இதையெல்லாம் எழுதுவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. இந்த ஊருக்குப் பெயர் தந்தவர் பிறந்தபோது வேதாசலம். 1916-இல் தன் பெயரைத் தானே தேர்ந்து மறைமலை என்று மாற்றிக்கொண்டார். அந்தப் பெயரை ஊரே ஏற்றது, அரசு ஏற்றது, ரயில் நிலையப் பலகையும் ஏற்றது. இன்று தானே தேர்ந்த பெயரோடு வாடகை வீடு தேடும் ஒரு திருநங்கை, தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை ‘டூ-லெட்’ பலகைகளுக்குக் கீழே நின்று என்னென்ன கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது! முன்பணம் கூடுதலாக, வாடகை கூடுதலாக, கடைசியில் “சொந்தக்காரங்க வர்றாங்கம்மா, வீடு இல்லை.”

எனவே ஒரு விண்ணப்பம். மறைமலை நகர் என்.ஹெச். 1, என்.ஹெச். 2, காட்டாங்குளத்தூர், பொத்தேரி, எந்தப் பக்கமானாலும் சரி, உங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாக இருந்தால், கேட்டு வருகிற திருநங்கையிடம் எல்லோரிடமும் கேட்கும் அதே முன்பணம், அதே வாடகை சொல்லுங்கள். சாவியைக் கொடுங்கள். புதுமனைக்குப் பால் காய்ச்சுகிற அன்றைக்குக் கட்டாயம் உங்களையும் கூப்பிடுவார்கள். அம்மா, நானி, குருபாய் எல்லோரும் விழுப்புரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவார்கள். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போங்கள். அங்கே அலங்காரத்தில் அவர்களை மிஞ்சுவது லேசுப்பட்ட காரியமில்லை!