முதலில் வந்த படகு ஏன் வெல்லவில்லை?

ஜார்ஜ்டவுன்: பாய்மரப் படகுப் போட்டியில் முதலில் எல்லையைக் கடக்கும் படகே வெற்றி பெறும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பல போட்டிகளில் அப்படி இல்லை.

போர்ட் கிள்ளானில் புறப்பட்டு பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி செல்லும் ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டி 1990இல் தொடங்கியது. இதில் பெரியதும் சிறியதுமாகப் பல படகுகள் கலந்துகொள்கின்றன. நீளமான படகு இயல்பிலேயே வேகமானது. சிறிய படகில் இருப்பவர்கள் எவ்வளவு திறமைசாலிகளானாலும் அதை எட்டிப் பிடிப்பது கடினம்.

இதைச் சரிசெய்யவே, கோல்ஃப் ஆட்டத்தில் இருப்பது போன்ற ஹேண்டிகேப் முறை வந்தது. ‘ஐஆர்சி’ என்ற விதிமுறையின்படி நீளம், எடை, பாயின் பரப்பு முதலியவற்றை அளந்து ஒவ்வொரு படகுக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். படகு எடுத்துக்கொண்ட நேரத்தை அந்த எண்ணால் பெருக்கி வெற்றியாளரை முடிவு செய்வார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய படகின் எண் 1.000. அது 10 மணி நேரத்தில் வந்தால் கணக்கும் 10 மணி நேரமே. சிறிய படகின் எண் 0.900. அது 11 மணி நேரம் எடுத்தாலும் கணக்கு 9 மணி 54 நிமிடம்தான். ஒரு மணி நேரம் பிந்தி வந்த சிறிய படகுக்கே வெற்றி!

ஆனால், இந்த எண்ணுக்குக் காற்று தெரியாது. பெரிய படகு கரை சேர்ந்த பிறகு மலாக்கா நீரிணையில் காற்று அடங்கி, நீரோட்டமும் எதிர்த்தால், சிறிய படகு நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். கடிகாரம் காத்திருக்காது.

பெரிய படகு வாங்க வசதி இல்லாதவருக்கும் வெல்ல ஒரு வாய்ப்பைத் தருகிறது இந்த எண். காற்றைக் கணித்துப் பாயைத் திருப்பும் திறமை அவரவர் கையில்தான் இருக்கிறது.