எண்ணிப் போட வேண்டிய பந்துகள்

1973இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிக்கொண்டிருந்தபோது ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு முதுகு மக்கர் செய்தது. கீழ் முதுகெலும்பில் விரிசல்கள். உடம்பைச் சுற்றி ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டார்கள். வேகப்பந்து வீச்சாளருக்கு அன்று இது ஏறக்குறைய ஓய்வு அறிவிப்பு மாதிரிதான். அவரோ மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் பைக் வகுத்துக் கொடுத்த பயிற்சிகளோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, 1974 நவம்பரில் பிரிஸ்பேனில் இங்கிலாந்துக்கு எதிராக மறுபடி ஓடிவந்தார். அவர் எடுத்த 355 டெஸ்ட் விக்கெட்டுகளில் பெரும்பகுதி அந்த மாவுக்கட்டுக்குப் பிறகு வந்தவை. 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியபோது நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவரும் இவரே.

வலக்கை வீச்சாளர் பந்தை விடுவதற்குச் சற்று முன் இடது கால் தரையில் ஊன்றுகிறது. உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தக் காலில் இறங்குகிறது. அதே நேரம் முதுகு பின்னால் வளைந்து, இடப்பக்கம் சாய்ந்து, முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து அமுக்குவது கடைசி இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் பின்புறமுள்ள மெல்லிய பகுதியை. வலக்கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கமே விரிசல் விடுவது இதனால்தான். இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் திரும்பும் ‘கலப்பு’ பாணியில் முறுக்கு இன்னும் கூடும். 1989இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று 82 இளம் வீச்சாளர்களை ஒரு பருவம் முழுக்கக் கவனித்தது. 11 சதவீதம் பேருக்கு முள்ளெலும்பில் விரிசல்.

எலும்பு தன்னைத்தானே பழுதுபார்த்துக்கொள்ளும். ஆனால் நைந்த இடத்தை முதலில் அரித்தெடுத்துவிட்டு, பிறகுதான் புதிதாக நிரப்பும். தோண்டிப் போட்ட சாலையைப் போல, நடுவில் சில வாரங்கள் அந்த இடம் முன்பைவிட வலுக் குறைந்து கிடக்கும். அந்த நேரம் பார்த்து லாரி ஏற்றினால்? ஒரே போட்டியில் 50 ஓவருக்கு மேல் வீசியவர்களுக்கு அடுத்த மூன்று வாரங்களில் காய ஆபத்து கூடுவதை இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. இன்றைய வலிக்கான காரணம் போன மாதப் பந்துகளில் இருக்கலாம்.

பிசியோ என்றால் ஸ்ப்ரே பாட்டிலோடு மைதானத்துக்குள் ஓடுகிறவர் என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. அவருடைய உண்மையான வேலை டிவியில் வராது. முதுகுவலி என்று வரும் பையனை ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பின்னால் வளையச் சொல்வார். முகம் எந்த இடத்தில் சுருங்குகிறது என்று பார்ப்பார். சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ. விரிசல் கோடாகத் தெரிவதற்கு முன்பே எலும்புக்குள் நீர்கோத்திருப்பதை அது காட்டிவிடும். அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிறகு வருவது பொறுமையின் சோதனை. முதலில் பந்தைத் தொடக் கூடாது. வயிறு, இடுப்பு, பின்தொடைத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிகள் மட்டும். வலி சில வாரத்தில் போய்விடும். ஆபத்தே அங்குதான், எலும்பு இன்னும் கூடியிருக்காது. அடுத்து நின்ற இடத்திலிருந்து மெதுவாகச் சில பந்துகள், நடந்துவந்து சில, பாதி ரன்-அப், முழு ரன்-அப். ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கையும் வேகமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். மறுநாள் காலை முதுகு என்ன சொல்கிறது என்று கேட்டுத்தான் அடுத்த படி.

2023 மார்ச்சில் நியூசிலாந்தில் முதுகு அறுவை சிகிச்சை செய்துகொண்ட இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ரா, ஆகஸ்டில்தான் அயர்லாந்தில் பந்து வீசினார். 2025 இங்கிலாந்துத் தொடரில் பந்துச் சுமையைக் கட்டுப்படுத்த ஐந்து டெஸ்டில் மூன்றில் மட்டும் ஆடியதற்கு ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். நான் பிசியோ பக்கம்.

பும்ராவின் பந்துகளை எண்ண ஒரு குழுவே இருக்கிறது. பதினைந்து வயதுப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? பள்ளி அணி, கிளப், அகாடமி என்று மூன்று இடத்தில் வீசுவான். ஒரு கோச் எண்ணுவது மற்றவருக்குத் தெரியாது, நெட்ஸில் போட்டதை யாருமே எண்ணுவதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி போட்டு, நெட்ஸ் உட்பட அன்று போட்ட பந்துகளை அவனையே எழுதச் சொல்லலாம். முதுகுவலி என்று பிசியோவிடம் போகும் நாளில் அவர் முதலில் கேட்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.