வாரிய வீட்டின் வாசற்படி

சக்கர நாற்காலியில் இருப்பவர் தெருவிலிருந்து தன் வீட்டுக் கதவு வரையிலும், கதவிலிருந்து கழிப்பறை வரையிலும் யாரையும் கூப்பிடாமல் போய்வர வேண்டும். லிஃப்ட் எந்தத் தளத்தில் நிற்கிறது என்பது பார்வையற்றவருக்குத் தானாகவே தெரிய வேண்டும். பக்கவாதம் வந்து தேறியவர் பிடித்து ஏறுவதற்கு ஒரு கம்பி வேண்டும். இவற்றைக் கட்டுபவரின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல் அளவாக எழுதிவைப்பதுதான் கட்டட விதிகளில் உள்ள அணுகல்தன்மைப் பகுதியின் வேலை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். முதுமையால் நடை தளர்ந்தவர்கள் பலர் இந்தக் கணக்கில் வரவே இல்லை. வாடகை வீட்டில் படி ஏற முடியாவிட்டால் வேறு வீடு தேடலாம். அரசு ஒதுக்கிய வீட்டுக்குப் போகும் ஏழைக் குடும்பத்துக்கு அந்த வழியும் இல்லை. பொதுப்பணத்தில் எழும் குடியிருப்புகளில் இந்த விதிகள் மற்ற எந்த இடத்தையும்விடக் கறாராக இருக்க வேண்டியது அதனால்தான்.

இந்தியாவில் இதற்கு அடிப்படை, 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். அணுகல்தன்மைக்கான தரங்களை மத்திய அரசு விதிகளாக வகுக்க வேண்டும் என்கிறது அதன் 40ஆவது பிரிவு. அந்த விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக்கூடாது, கட்டி முடித்த பிறகும் நிறைவுச் சான்றிதழ் தரக்கூடாது, குடியேறவும் விடக்கூடாது என்கிறது 44ஆவது பிரிவு. அரசு அமைப்புகளும் இதற்கு விலக்கல்ல. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த தடவைகளில் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம்.

அளவுகள் வேறு ஏடுகளில் இருக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2016இலும் 2021இலும் வெளியிட்ட ஒத்திசைந்த வழிகாட்டுதல்கள் ஆகியவை முக்கியமானவை. தேசியத் தொகுப்பு தானாக யாரையும் கட்டுப்படுத்தாது. மாநிலங்கள் தங்கள் விதிகளில் ஏற்றால்தான் அதற்கு வலு. தமிழ்நாட்டில் அந்த இடத்தில் இருப்பவை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்.

எண்களாகப் பார்த்தால் இவை சின்ன விஷயங்கள். சாய்தளம் ஒரு அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீள வேண்டும். பேஸ்மட்டம் ஒன்றரை அடி என்றால் சாய்தளத்துக்குப் பதினெட்டு அடி இடம் வேண்டும். மேல்முனையில் நாற்காலி நின்று திரும்பச் சமதளமும், இரு பக்கமும் கைப்பிடியும் வேண்டும். பல அடுக்ககங்களின் வாசலில் கண்ணில் படுவது வேறு: படிகளின் ஓரத்தில் சிமெண்டைக் கொட்டிச் சரித்துவிட்ட பைக் ஏற்றம். வண்டி ஏறும், நாற்காலி ஏறாது. ஏற்றினாலும் இறங்கும்போது கவிழும். வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே பெயரை எழுதிவிட முடியும். சரிவு எத்தனைக்கு ஒன்று என்று அளந்து பார்ப்பவர் இருந்தால்தான் வேறுபாடு தெரியும்.

கதவும் அப்படித்தான். 90 சென்டிமீட்டர் தெளிவான திறப்பு வேண்டும் என்பது வழிகாட்டுதல். வரைபடத்தில் மூன்றடிக் கதவு என்று இருந்தால் போதுமென்று தோன்றும். நிலையின் வெளியளவு மூன்றடி என்றால், இரு பக்கக் கட்டையும் திறந்து நிற்கும் கதவின் கனமும் போக மிஞ்சுவது முப்பது அங்குலம் அளவுக்குத்தான். சக்கரத்தைக் கையால் தள்ளுகிறவரின் முழங்கை நிலையில் உரசும் அகலம் அது. அறைக்குள் நாற்காலி ஒரு சுற்றுத் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வெற்றுத்தரை தேவை. வாசல்கட்டை 12 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பக்கூடாது.

விதிகள் உண்மையில் சோதனைக்கு உள்ளாகும் இடம் கழிப்பறை. பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2015இல் தொடங்கியபோது, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் உட்பரப்பு 30 சதுர மீட்டர் வரை என வைத்தது; அதாவது சுமார் 323 சதுர அடி. அணுகத்தக்க கழிப்பறைக்கு 2016 வழிகாட்டுதல்கள் சொல்லும் உள்ளளவு 2 மீட்டருக்கு 2.2 மீட்டர். அதுவே 4.4 சதுர மீட்டர், வீட்டில் ஏழில் ஒரு பங்குக்கு அருகில். சமையலறையைச் சுருக்காமல், படுக்கும் அறையைக் குறைக்காமல் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பரப்பு சம்பந்தப்படாத தடைகளும் அதே அறையில் இருக்கின்றன: குந்தி உட்காரும் பீங்கான், உள்ளே திறந்து விழுந்தவரின் மேலேயே இடிக்கும் கதவு, தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் எழுப்பிய கட்டை. கதவை வெளிப்பக்கம் திறக்க வைப்பதற்குச் செலவே இல்லை. தரையைச் சரித்து வாசலோரம் சல்லடை மூடிய வடிகால் வைத்தால் கட்டை தேவையில்லை. கைப்பிடிக் கம்பி பின்னால் வரப்போகும் சுவரை முதலிலேயே உறுதியாகக் கட்டிவிட்டால், தேவைப்படும் நாளில் கம்பியைப் பொருத்திக்கொள்ளலாம். ஆளின் முழு எடையும் அதன்மேல் வரும். மெல்லிய தடுப்புச் சுவர் அதைத் தாங்காது. கட்டும்போது சில நூறு ரூபாயில் முடிகிற காரியம், டைல்ஸ் ஒட்டிக் குழாய் பதித்த பிறகு அந்தக் குடும்பத்தால் தாங்க முடியாத செலவாகிவிடும்.

வீட்டின் உட்புறத்தைப் பற்றி இந்தியச் சட்டம் அதிகம் பேசவில்லை என்பதுதான் இதில் பெரிய குறை. சட்டம் சொல்லும் பொதுக் கட்டடம், பொதுமக்கள் பயன்படுத்தும் கட்டடம். ஒரு குடும்பத்தின் சமையலறை அதற்குள் எளிதில் அடங்காது. எனவே விதிகளின் கவனம் நுழைவாயில், நடைபாதை, லிஃப்ட், பொதுக் கழிப்பறை ஆகியவற்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஒரு குடியிருப்பில் இத்தனை வீடுகள் உள்ளேயும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று எண்ணிக்கை வைக்கும் முறை உலகில் உண்டு. அமெரிக்காவில் மத்திய அரசின் நிதியில் புதிதாக எழும் அடுக்ககங்களில் 5 சதவீத வீடுகள் நடமாட்டக் குறையுள்ளவர்களுக்கும், மேலும் 2 சதவீத வீடுகள் பார்வை அல்லது செவிப்புலன் குறையுள்ளவர்களுக்கும் ஏற்றபடி கட்டப்பட வேண்டும் என்ற விதி 1988 முதல் இருக்கிறது.

இந்தியச் சட்டத்திலும் 5 சதவீதம் வருகிறது, வேறு பொருளில். 37ஆவது பிரிவின்படி அரசு வீட்டுத் திட்டங்களின் ஒதுக்கீட்டில் 5 சதவீதம், 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு. அதில் பெண்களுக்கு முன்னுரிமை. யாருக்கு வீடு என்பதை இது தீர்மானிக்கிறது, எப்படிப்பட்ட வீடு என்பதை அல்ல. மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் உள்ள குடும்பங்களுக்குக் கூடியவரை தரைத்தளத்திலோ கீழ்த்தளங்களிலோ வீடு தர வேண்டும் என்று பிரதமரின் திட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. குடிசை மாற்று வாரியமாக 1970இல் தொடங்கி, 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு கட்டிய, தரையும் மூன்று தளங்களும் கொண்ட பழைய அடுக்ககங்களில் லிஃப்ட் கிடையாது. அங்கே தரைத்தளம் ஒன்றே வழி. சென்னையை அடுத்த பெரும்பாக்கத்தில் எழுந்த எட்டடுக்குக் கட்டடங்களில் லிஃப்ட் உண்டு. அது ஓடாத நாளில் மேல்தளத்தில் இருப்பவர் வீட்டிலேயே அடைபடுவார். ஒதுக்கீட்டின்போது நலமாக இருந்தவருக்குப் பத்து வருடம் கழித்துக் கால் போகலாம் என்பதற்கும் ஒதுக்கீட்டு விதியில் விடை இல்லை. தரைத்தள வீடுகள் எல்லாவற்றையும் பின்னால் மாற்றிக்கொள்ளும்படி கட்டினால், ஒருவருக்கொருவர் வீடு மாற்றிக்கொள்ளவாவது வழி பிறக்கும்.

2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தத் துறையின் அடித்தளத்தையே மாற்றியது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரத்தூரி 2005இல் தொடுத்த வழக்கு அது. வழிகாட்டுதல்களைப் பட்டியலிட்டு அவையே விதி என்று சொன்ன, இச்சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2017ஆம் ஆண்டு விதிகளின் 15(1)ஆவது விதி, தாய்ச் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் அறிவித்தது. சட்டம் கட்டாயம் என்கிறது. வழிகாட்டுதல்களோ செய்யலாம், செய்வது நல்லது என்ற நடையில் பரிந்துரைகளாக எழுதப்பட்டவை. விட்டுக்கொடுக்க முடியாத தரங்களைத் தனியே பிரித்து மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளாக்க வேண்டும் என்றும், அதன்பின் மீறுவோருக்கு நிறைவுச் சான்றிதழை நிறுத்திவைப்பதும் அபராதம் விதிப்பதும் நடக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அணுகல்தன்மை என்பது யாரும் கேட்பதற்கு முன்பே செய்து வைக்க வேண்டிய கடமை. தனி ஒருவரின் தேவைக்கு ஏற்பச் செய்யும் மாற்றம் அதற்கு மேல் வருவது என்று தீர்ப்பு பிரித்துக் காட்டியது. வீட்டுக்குப் பொருத்திப் பார்த்தால், அகலமான கதவு முதல் வகை. ஒருவரின் உயரத்துக்கேற்பக் கம்பியை நகர்த்தித் தருவது இரண்டாம் வகை.

அரசு வாரியம் கட்டுவதை அரசின் இன்னொரு துறை சரிபார்க்கும்போது கண்டிப்பு குறையக்கூடும். அதற்கு வெளியே சட்டம் வைத்திருக்கும் ஆள் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். புகார் வந்தாலும் தானாகவும் அவர் விசாரிக்கலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அந்த அமைப்பு தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லையென்றால் காரணத்தை அதே காலத்துக்குள் அவருக்கும் புகார் கொடுத்தவருக்கும் சொல்ல வேண்டும்.