தாத்தாவின் மறதி: வயசா, நோயா? மூளை அலைகள் சொல்வது என்ன?

ஆரணியில் ஒரு தறி வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எழுபதைத் தாண்டிய தாத்தா தறிக்குழியில் உட்கார்ந்தால் போதும், கால் தானாக மிதிக்கிறது, கை தானாக நாடாவை ஓட்டுகிறது. ஆனால், நேற்று வாங்கிய கூலியை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு, மறுபடியும் டிபன் கேட்கிறார். சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் பேரன் போனில் விசாரித்தால் வீட்டில் ஒரே பதில்தான்: "வயசாகுதுல்ல... தறியெல்லாம் நல்லாத்தான் நெய்யறாரு!"

அந்தப் பதில்தான் பல வீடுகளில் ஆபத்தாக முடிகிறது.

நெய்யத் தெரிந்தால் நினைவு நன்றாக இருக்கிறதா?

அப்படிச் சொல்ல முடியாது. அல்சைமர் நோய் ஆரம்பத்தில் தாக்குவது, புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகேம்பஸ் பகுதியை. நெசவு, சைக்கிள் ஓட்டுவது போன்ற பழகிய கைவேலைகளை மூளையின் வேறு பகுதிகள் பார்த்துக்கொள்கின்றன. அதனால் நேற்று நடந்தது மறந்துபோகும். ஐம்பது வருடத்துக்கு முன் பழகிய கைவேலை நிற்கும்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இதன் வகைகளில் முக்கியமானது அல்சைமர்.

டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடாதா?

இங்கேதான் ஒரு சிக்கல். வழக்கமான நினைவாற்றல் சோதனைகளில் தேதி கேட்பார்கள், 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். பத்து வயதிலேயே தறியில் உட்கார்ந்தவருக்கு இதெல்லாம் இளமையிலேயே கஷ்டம்தான். நோய் இல்லாமலே மார்க் குறையலாம். இதைச் சரிசெய்யத்தான் 1990-களில் ஹரியானாவின் பல்லப்கரில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்ப இந்தியில் ஒரு சோதனையை உருவாக்கினார்கள்.

எழுத்தே தேவைப்படாத இன்னொரு வழியும் ஆராயப்படுகிறது. அதுதான் இ.இ.ஜி.

சும்மா இருக்கும்போது மூளை என்ன செய்கிறது?

1924-ல் ஜெர்மனி மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் முதன்முறையாக மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார். விழித்திருக்கும் ஒருவர் கண்ணை மூடி அமைதியாக இருந்தால், தலையின் பின்பகுதியில் நொடிக்கு 8 முதல் 13 அலைகள் வரை ஓடும். இதற்கு ஆல்பா என்று பெயர். இளம் வயதில் இது நொடிக்குச் சுமார் 10.

வயதாகும்போது ஆல்பாவின் வேகமும் வலிமையும் கொஞ்சம் குறைவது இயல்பு. அல்சைமரில் இந்த இறக்கம் அதிகம். ஆல்பாவும் அதைவிட வேகமான பீட்டாவும் மங்குகின்றன. நொடிக்கு 4 முதல் 8 வரையிலான தீட்டா அலைகள் கூடுகின்றன. நோய் முற்றும்போது இன்னும் மெதுவான டெல்டாவும் சேர்ந்துகொள்கிறது.

ஏன் இப்படி? நரம்பு செல்கள் பேசிக்கொள்ள உதவும் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை அனுப்பும் செல்கள் அல்சைமரில் அழிகின்றன. செல்களுக்கு இடையிலான இணைப்புகளும் அறுகின்றன. பாவில் இழைகள் அறுந்துகொண்டே போனால் தறி பழைய வேகத்தில் ஓடுமா? அதே கதைதான். மறதி நோய்க்குத் தரப்படும் டொனெபெசில் மாத்திரை, மிச்சமிருக்கும் அசிடைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கிறது.

பெங்களூரில் காட்டிய கோடுகள்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சுப்ரதிம் ரே குழுவினர் கொஞ்சம் வேறு மாதிரி முயன்றார்கள். சேலையில் வரும் கோடுகளைப் போல, கறுப்பு வெள்ளைக் கோடுகளைத் திரையில் காட்டி, அப்போது மூளையில் எழும் வேகமான காமா அலைகளை அளந்தார்கள். 2021-ல் வெளியான ஆய்வில், ஆரம்பநிலை நினைவுக் குறைபாடு அல்லது அல்சைமர் இருந்தவர்களுக்கு அந்த அலைகள் பலவீனமாக இருந்தன. ஆனால் ஆய்வில் பங்கேற்ற 244 பேரில் அப்படிப்பட்டவர்கள் 17 பேர் மட்டுமே. ஆகவே இது நம்பிக்கை தரும் தொடக்கம், முடிவு அல்ல.

அப்போ உடனே இ.இ.ஜி. எடுத்துடலாமா?

வேண்டாம், அவசரப்படாதீர்கள். எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேனைவிட இதற்குச் செலவு குறைவு, வலியும் இல்லை. ஆனால் தூக்கக் கலக்கம், தூக்க மாத்திரை, வேறு நோய்கள் என்று எதனாலும் அலைகள் மெதுவாகலாம். ஆரோக்கியமானவர்களிலேயே ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு. இ.இ.ஜி.யை மட்டும் வைத்து அல்சைமர் என்று எந்த டாக்டரும் முடிவு செய்ய மாட்டார்.

முதலில் பார்க்க வேண்டியவை ரத்தப் பரிசோதனையில் தெரியும் தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடுகள். அடுத்து மனச்சோர்வு. இவற்றால் வரும் மறதியைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். ரத்த அழுத்தம், சர்க்கரை, காது, கண் ஆகியவற்றையும் கவனியுங்கள். 14 காரணிகளைக் கையாண்டால் உலகில் 45 சதவீதம் வரை டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை. முதியோருக்கான தேசிய உதவி எண்: 14567.

இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது, "தாத்தா நெய்யறாரா?" என்று கேட்காதீர்கள். "புது டிசைன் கொடுத்தா தடுமாறுறாரா? கூலிக் கணக்கு தப்புதா? கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா?" என்று கேளுங்கள். 'ஆமாம்' என்று பதில் வந்தால், அடுத்த லீவுக்கு ஊருக்குப் போய் அவரை நரம்பியல் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.