கப்பல் வகுப்பும் கணிப்பொறி வகுப்பும்

கொல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையிலுள்ள கார்டன் ரீச் கப்பல் தளத்தை இந்திய அரசாங்கம் 1960இல் ஏற்றுக்கொண்டது. அங்குக் கட்டப்பெற்ற கமோர்ட்டா வகுப்புப் போர்க்கப்பல்கள் நான்கு. கமோர்ட்டா 2014இலும், கட்மத் 2016இலும், கில்தான் 2017இலும், கவரத்தி 2020இலும் கடற்படையிற் சேர்ந்தன. அமைப்புத் திட்டம் ஒன்றே. பெயரும், பக்கவாட்டில் தீட்டப்பெறும் எண்ணும் வேறு வேறு.

கணிப்பொறி நிரல் எழுதுவோரும் ‘வகுப்பு’ என்னும் சொல்லை ஏறக்குறைய இப்பொருளிலேயே ஆளுகின்றனர். (பள்ளி வகுப்பென மாணவர் மயங்காதவாறு ஆசிரியர் முதலிலேயே தெளிவுறுத்துதல் நலம்.) நார்வே நாட்டு அறிஞர்களான டாலும் நைகார்டும் அமைத்த சிமுலா 67 மொழியில் இக்கருத்து உருப்பெற்றது. வகுப்பு என்பது திட்டம். அதன்படி உண்டாக்கப்படுவது பொருள். உண்டாக்குங்கால் இயங்கும் பகுதி கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஆக்கி. அதனிடம் நாம் ஒப்படைக்கும் மதிப்புகளே ஆர்குமெண்டுகள்.

கப்பல்("கவரத்தி", 31, 2020)

பெயர், எண், சேர்ந்த ஆண்டு என்பது இங்குள்ள வரிசை. பைதான் மொழியின் 3ஆம் பதிப்பு முதல் இவ்வாறு தமிழிலேயே பெயரிடலாம். ஒரு மதிப்பை விட்டுவிட்டால் பொருள் உண்டாகாது, பிழைச்செய்தி வரும். இது நன்மையே. 31ஐயும் 2020ஐயும் இடம் மாற்றினாலோ, இரண்டும் எண்களாதலின் கணிப்பொறி வாளாவிருக்கும். பிழை பின்னரே வெளிப்படும். ‘ஆண்டு=2020’ எனப் பெயரிட்டு வழங்கின் இவ்விடர் நீங்கும்.

எதனை ஆர்குமெண்டாகக் கொள்வது என்பதே கடினமான வினா. முதலிரு கப்பல்களின் மேற்கட்டு எஃகினாலானது. கில்தானிலும் கவரத்தியிலும் அது கரிநார்க் கலவையாலானது. ‘எஃகு’ என வகுப்பினுள்ளேயே எழுதியிருப்பின் மூன்றாம் கப்பலுக்குத் திட்டத்தையே திருத்த நேரிடும். ஆகவே, வேறு கூறாவிடில் எஃகு எனக் கொள்ளும் இயல்பு மதிப்புடன் அதனை இறுதி ஆர்குமெண்டாக வைத்தல் தகும். நான்கிற்கும் பொதுவானவற்றையும் ஆர்குமெண்டாக்குவது வீண் சுமை.

பைதானில் இயல்பு மதிப்பு பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. மாலுமிகளுக்கென வெற்றுப் பட்டியல் ஒன்றை இயல்பு மதிப்பாக வைத்தால், அப்பட்டியல் ஒருமுறையே உண்டாகும். கப்பல்கள் யாவும் அதனையே பகிர்ந்துகொள்ளும். கமோர்ட்டாவில் ஏறியவர் கவரத்தியிலும் காணப்படுவார்! பட்டியலை ஆக்கியினுள் ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாக்குவதே இதற்குரிய மாற்று.