"ஊசி வேண்டாம்" என்று மனசு ஏன் சொல்லுது?



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று எத்தனையோ விஷயங்களில் நாம் யோசித்து, கணக்குப் பார்த்து முடிவெடுக்கிறோம். தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போடுகிறோம். ஆனால் பிள்ளைக்குத் தடுப்பூசி போடுகிற நாள் வந்தால் மட்டும் நம்மில் சிலருக்குக் கணக்கு மறந்து பயம் முந்திக்கொள்கிறது. "போன தடவை ராத்திரி பூரா அழுதான், இந்த மாசம் வேணாம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். பிள்ளை மேல் பாசம் இல்லாமல் இப்படிச் செய்வதில்லை. பாசம் அதிகமாக இருப்பதால்தான் செய்கிறோம். அந்தப் பாசம் எப்படி நம்மைத் தவறான பக்கம் திருப்புகிறது என்பதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

2017-ல் நடந்தது என்ன?

2017 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுப் பிள்ளைகள் வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குப் போடத் திட்டம். அப்போது திருநாவலூர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ல்தான் உருவானது.

முகாம் தொடங்கும்போதே இந்த ஊசியால் பெரிய பக்கவிளைவு வரும் என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பரவின. யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் பல பெற்றோர் பயந்தார்கள். முகாம் அன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டவர்களும் உண்டு. மருத்துவர்களும் அதிகாரிகளும் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாம் மார்ச் மாதத்துக்கும் நீண்டது.

முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய செய்தியை நம்பினோம். பத்து வருஷமாக நம் ஊருக்கு வந்து போகிற கிராம சுகாதார செவிலியர் சொன்னதை நம்பவில்லை. இது ஏன்? படிப்பு இல்லாததாலா? இல்லை. நகரத்தில் படித்த பெற்றோரும் இப்படித்தான் பயந்தார்கள். மனித மனசின் இயல்பு அப்படி.

சும்மா இருந்தால் பழி வராதா?

நாம் ஒன்றைச் செய்து அதனால் கெடுதல் வந்தால் "ஐயோ, நானே செஞ்சேனே" என்று மனசு குத்தும். ஒன்றும் செய்யாமல் இருந்து கெடுதல் வந்தால் "விதி, நாம என்ன பண்றது" என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளும். அதனால் செய்வதைவிடச் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு என்று தோன்றுகிறது.

1990-ல் ரிட்டோவ், பேரன் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு நோய் 10,000 குழந்தைகளில் 10 பேரைக் கொல்லும், தடுப்பூசி அந்த நோயைத் தடுக்கும், ஆனால் ஊசியாலும் சில குழந்தைகள் இறக்கலாம் என்று ஒரு கற்பனைக் கணக்கைச் சொன்னார்கள். எத்தனை பேர் வரை என்றால் உங்கள் பிள்ளைக்கு ஊசி போடுவீர்கள் என்று கேட்டார்கள். 10-ஐ விடக் குறைவாக எந்த எண்ணாக இருந்தாலும் ஊசி போடுவதுதான் லாபம். ஆனால் பலர் அதைவிட மிகக் குறைவாக இருந்தால்தான் போடுவோம் என்றார்கள். சிலர் ஒரு குழந்தைகூடச் சாகக்கூடாது, இல்லையென்றால் ஊசியே வேண்டாம் என்றார்கள். அதாவது, தன் கையால் வரும் சிறிய ஆபத்தைவிட, தானாக வரும் பெரிய ஆபத்தே மேல் என்று மனசு சொன்னது.

நம் குழுக் கணக்கில் பார்த்தால் இது எளிதாகப் புரியும். கடன் தவணையைக் கட்டாமல் விட்டால் "நான் ஒண்ணும் செய்யலையே" என்று சொல்ல முடியுமா? வட்டி ஏறிக்கொண்டுதானே இருக்கும். ஊசி போடாமல் விடுவதும் அப்படித்தான். அதுவும் நாம் எடுக்கிற முடிவுதான்.

உண்மையான கணக்கு

தட்டம்மை லேசான நோய் இல்லை. நல்ல மருத்துவ வசதி உள்ள நாடுகளிலேயே ஆயிரம் குழந்தைகளுக்கு வந்தால் ஒன்றிரண்டு இறந்துவிடும். சத்துக் குறைவான குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். நிமோனியா, வயிற்றுப்போக்கு வரும், கண் பார்வைகூடப் போகலாம். நோய் வந்த ஒரு பிள்ளையிடமிருந்து ஊசி போடாத 12 முதல் 18 பேர் வரை தொற்றிக்கொள்ளும். ரூபெல்லா கர்ப்பிணிக்கு முதல் மாதங்களில் வந்தால், பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு வரலாம்.

ஊசியால் என்ன வரும்? போட்ட இடத்தில் வலி, சிவப்பு, சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல். தட்டம்மை - ரூபெல்லா ஊசிக்குக் காய்ச்சல் ஒரு வாரம் கழித்தும் வரலாம். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில் மிக அரிதாக வரும். அப்படி வந்தால் உடனே கவனிக்கத்தான் ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள்.

காக்கை உட்கார பனம்பழம் விழுந்த கதை

1998-ல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்ட் என்ற மருத்துவர், 12 குழந்தைகளை மட்டும் வைத்து, தட்டம்மை சேர்ந்த முத்தடுப்பூசிக்கும் ஆட்டிசம் என்கிற வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார். அது தவறு என்று தெரிந்து, 2010-ல் அந்தக் கட்டுரையை மருத்துவ இதழே திரும்பப் பெற்றது. அதே வருஷம் அவருடைய மருத்துவர் பதிவும் ரத்தானது. 2019-ல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளின் விவரங்களைப் பார்த்து, அப்படி ஒரு தொடர்பே இல்லை என்று சொன்னார்கள். ஆனாலும் அந்தப் பயம் இன்னும் சாகவில்லை. ஏன்? ஒன்றரை வயதில் இரண்டாவது ஊசி போடுகிறோம். பேச்சு வராதது, கூப்பிட்டால் திரும்பாதது போன்ற குறைகள் கண்ணில் படுவதும் அந்த வயதில்தான். இரண்டும் சேர்ந்து நடப்பதால் ஒன்றால் மற்றது வந்தது என்று மனசு முடிச்சுப் போட்டுவிடுகிறது.

பயத்துக்குக் காரணமே இல்லையா?

இருக்கிறது. மறைக்க வேண்டாம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் 4 குழந்தைகள் இறந்தன. தமிழ்நாடே அதிர்ந்தது. அதன்பின் ஊருக்குள் வந்து ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருத்துவமனையிலும் மட்டும் போட்டார்கள். தூரம், பஸ் செலவு, ஒரு நாள் கூலி, கூடவே பயம். கல்வராயன் மலையில் ரோட்டுக்கு வரவே நெடுந்தூரம் நடக்க வேண்டிய தாய்மாருக்குச் சொல்லவே வேண்டாம்.

எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 2005-06 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு சுமார் 81 பேர். 2015-16-ல் அது 70 ஆகக் குறைந்தது. 2019-21-ல் 89 ஆக ஏறியது. ஆகவே நம்பிக்கை ஒருமுறை குறைந்தாலும் திரும்ப வரும். ஆனால் நடுவில் ஊசி விட்டுப்போன பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போனதே?

பயந்தவர்களைத் திட்டுவதால் பயம் போகாது. கேள்வி கேட்க இடம் கொடுத்தால்தான் போகும். "இது என்ன ஊசி? எந்த நோய்க்கு? போட்டபின் என்ன வரும்? எப்போ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரணும்?" என்று செவிலியரிடம் கேட்பது நம் உரிமை.

வீட்டில் யார் முடிவு செய்வது?

பல வீடுகளில் தாய் சரி என்றாலும் மாமியார் வேண்டாம் என்பார். "எங்க காலத்துல எந்த ஊசி போட்டோம்? நீங்க எல்லாம் வளரலையா?" என்பார். அவரோடு சண்டை போட வேண்டாம். "அத்தை, உங்க காலத்துல எத்தனை பிள்ளை பெத்து எத்தனை தங்குச்சு?" என்று மெதுவாகக் கேளுங்கள். வளர்ந்தவர்கள் நம் கண் முன்னே இருக்கிறார்கள். போனவர்கள் வந்து சொல்ல முடியாது. அம்மை வந்தால் மாரியாத்தாளை வேண்டி வேப்பிலை கட்டுகிறோம். அந்த நம்பிக்கைக்கு ஊசி எதிரி இல்லை. பெரியம்மையும் போலியோவும் நம் நாட்டை விட்டுப் போனது தடுப்பூசியால்தான். இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார். அதன்பின் அந்தக் கிருமியால் யாரும் பாதிக்கப்படவில்லை.

நம் குழு என்ன செய்யலாம்?

* அடுத்த கூட்டத்துக்கு, சிறு குழந்தை உள்ள உறுப்பினர்கள் தாய் சேய் நல அட்டையையும் கொண்டு வரட்டும். எந்தத் தவணை விட்டுப்போனது என்று ஊக்குநர் பார்க்கட்டும். தட்டம்மை - ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. விட்டுப்போயிருந்தால் செவிலியரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.
* தடுப்பூசி நாளான புதன்கிழமை இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்து போங்கள். தனியாகப் போனால் பயம் பெரிதாகத் தெரியும். கரும்பு வெட்டு, மல்லாட்டை பிடுங்கும் நாளாக இருந்தால் மூத்த உறுப்பினர் ஒருவர் பிள்ளையைத் தூக்கிப் போக உதவலாம்.
* சாதாரண சளி, இருமலுக்காக ஊசியைத் தள்ள வேண்டாம். அதிகக் காய்ச்சல் இருந்தாலோ, முன்பு ஊசி போட்டபோது கடுமையான கோளாறு வந்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
* ஊசி போடும்போது பிள்ளையை மடியில் அணைத்துப் பிடியுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுங்கள். வலி குறையும்.
* பிள்ளைக்கு மூச்சுத் திணறல், வலிப்பு வந்தாலோ, துவண்டு போனாலோ உடனே 108-ஐ அழையுங்கள். மற்ற சந்தேகங்களுக்கு 104-ல் கேட்கலாம்.
* வாட்ஸ்அப்பில் பயமுறுத்தும் செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். முதலில் செவிலியரிடம் காட்டுங்கள்.

கடன் யாருக்கு, எவ்வளவு, எதற்கு என்று பத்துப் பேர் கூடிப் பேசித் தீர்மானம் போடுகிற நாம், பிள்ளையின் உடம்பு விஷயத்தில் மட்டும் தனியாக உட்கார்ந்து பயப்பட வேண்டாம் சகோதரிகளே. அதையும் குழுவில் வைத்துப் பேசுவோம். பேசிய பின், எந்தப் பிள்ளைக்கு எந்தப் புதன்கிழமை, யார் கூடப் போவது என்று தீர்மான நோட்டில் எழுதி வைப்போம்.