வேப்பம் பருப்பின் சத்தைப் பிரித்தெடுத்தல்

திருமுல்லைவாயிலைச் சூழ்ந்திருந்த நன்செய்களில் பெரும் பகுதி வீட்டு மனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்டது. எஞ்சி நிற்கும் வேப்பமரங்களின் பழமோ ஆனி, ஆடி மாதங்களில் உதிர்ந்து குப்பையோடு கூட்டித் தள்ளப்படுகிறது. மேற்கே திருவள்ளூர்ப் பக்கத்தில் நெற்பயிர் செய்வோர் இலைச்சுருட்டுப் புழுவுக்கு விலை கொடுத்து விஷ மருந்து வாங்குகின்றனர்.

வேப்பம் பருப்பை நீரில் கலக்கித் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தின்னாமல் விடுகின்றன என்பதை டில்லி இந்திய விவசாய ஆராய்ச்சிச் சாலையார் 1962-ஆம் வருஷத்தில் வெளியிட்டனர். அதன் முக்கிய சத்தாகிய அஸாடிராக்டினை 1968-இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். இச்சத்து புழுவை உடனே கொல்லுவதன்று, தின்னவொட்டாமல் தடுக்கும், மீறித் தின்ற புழு தோலுரிக்க மாட்டாமல் மாளும். மறுநாட் காலையில் செத்த புழுவைத் தேடுகிறவர் ஏமாற்றமே அடைவார்.

தொழிற்சாலைகளில் முதலில் எண்ணெயை நீக்கிப் பின்னர் மெதனால் என்னும் சாராயத்தால் சத்தை இறக்குவதுண்டு. குடியானவருக்குத் தண்ணீரே போதும். ஏக்கர் ஒன்றுக்குப் பருப்பு 10 கிலோ வேண்டும். அதை இடித்துத் தூளாக்கி, 20 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் பால்போல் வெளுக்கும்வரை கலக்கி, இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி, 200 லிட்டராகப் பெருக்கிக்கொள்ள வேண்டும். இலையில் ஒட்டுவதற்குச் சிறிது சோப்புக் கரைசலைத் தெளிக்கும் சமயத்தில் சேர்த்தல் நலம்.

வேம்பு பலிக்கவில்லை என்போரில் பலர் பருப்பைக் கொதிக்கவைத்தவர்கள். அல்லது கொட்டையைக் கடும் வெயிலில் காயவிட்டவர்கள். சூடும் வெயிலும் இச்சத்துக்குப் பகை. பழுத்த பழத்தை அன்றன்றே பொறுக்கிச் சதையைக் கழுவி நிழலில் உலர்த்துக. ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பூக்கும். அத்தகைய கொட்டையை மருந்துக்கு எடுக்கலாகாது. காற்றோட்டமுள்ள கோணியில் வைத்து, மூன்று மாதத்திற்கு மேல் எட்டு மாதத்திற்குள் உபயோகிப்பது உத்தமம். பழங்கொட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது வீண் செலவே.

புறம்போக்கு மரங்களின் மகசூலை ஏலம் விடும் கிராமங்களில், பழம் மழையில் நனைந்து அழுகுமுன் பொறுக்கப்பட வேண்டுமென்று கிராம அதிகாரிகள் ஏலம் எடுப்போரிடம் முன்னதாகவே சொல்லிவைப்பது நன்று. கரைசலை வடிகட்டிய அன்றே, பிற்பகல் மூன்றரை மணிக்குமேல் வெயில் தாழ்ந்தபின் தெளிக்கவும்.